ஜாக்சன் ஹைட்ஸில் நூறு வயது வீடு: புதுப்பித்தது எதை?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸ் வரலாற்றுப் பகுதிக்குள் விற்பனைக்கு வரும் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியவை. 1917-இல் ரூஸ்வெல்ட் அவென்யூவின் மேல் 7-ஆம் தட ரயில் ஓடத் தொடங்கியது. அதையொட்டி குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் சுற்றிலும் கட்டடம், நடுவில் பொதுத் தோட்டம் என்று வரிசை வரிசையாகக் கட்டியது. அந்தத் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டு தெரு நடந்தால் 74-ஆம் தெருவின் நகைக்கடைகள், புடவைக்கடைகள், மளிகைக்கடைகள். அதே ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் ஃப்ளஷிங். பிள்ளையார் கோயில் அங்கேதான். நம்மவர்கள் இங்கே வீடு தேடுவதில் வியப்பில்லை.

இப்படிப்பட்ட வீடுகளை வாங்குபவர்களுக்காகப் பார்த்துச் சொல்லும் வேலையில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. "முழுவதும் புதுப்பித்த வீடு" என்று வருகிறவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சுவரைத் திறந்து குழாயையும் ஒயரையும் மாற்றியபின் பூசியிருப்பார்கள். இன்னொன்றில் பழையதன் மேலேயே டைல்ஸும் பெயின்ட்டும் போயிருக்கும். வீடு பார்க்கப் போகும் நாளில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும், விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்பார்கள். அதனால் சமையலறைக் கல்லையும் அலமாரியையும் கடைசியாகப் பாருங்கள்.

முதல் வேலை வீட்டுக்குப் போவதற்கு முன்பே இருக்கிறது. நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால், எந்தெந்த அனுமதி வாங்கினார்கள், வேலை முடிந்து சான்று கிடைத்ததா என்பதை யாரும் பார்க்கலாம். அலமாரி மாற்ற அனுமதி தேவையில்லை. ஆனால் குளியலறையை இடம் மாற்றியிருந்தாலோ புதுச் சர்க்யூட் இழுத்திருந்தாலோ பதிவு இருந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் கோ-ஆப் (குடியிருப்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவு நிறுவனத்துக்குச் சொந்தமானவை) என்பதால் நீங்கள் வாங்குவது பங்குகளையும், அவற்றோடு வரும் குத்தகை உரிமையையும்தான். உள்ளே வேலை செய்ய முன்பு குடியிருந்தவர் கோ-ஆப் போர்டோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலை உங்கள் வக்கீல் மூலம் கேளுங்கள். அனுமதியில்லாமல் வைத்த வாஷிங் மெஷினைக் கழற்றும் செலவு பல நேரம் புதிதாக வாங்கியவர் தலையில்தான் விழும்.

அடுத்தது தண்ணீர். பழைய கட்டடங்களில் அடித்தளத்திலிருந்து மேலே ஏறும் நெடுங்குழாய்கள் கட்டடத்துக்குச் சொந்தம். அதிலிருந்து உங்கள் குளியலறைக்குப் பிரியும் கிளைக்குழாய்கள் யார் பொறுப்பு என்பதைக் குத்தகை ஒப்பந்தத்தில் பாருங்கள். நெடுங்குழாய் கால்வனைஸ் செய்த இரும்பாக இருந்தால், ஆண்டுக்கணக்கில் உள்ளே துரு படிந்து வழி குறுகிக்கொண்டே வரும். கிளையில் எவ்வளவு நல்ல தாமிரக் குழாய் போட்டாலும் அழுத்தம் அந்தக் குறுகிய வழியைத் தாண்டி வராது. ஷவரில் வெந்நீரைத் திறந்துவிட்டு, சமையலறைக் குழாயையும் திறந்து, டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யுங்கள். ஷவர் மெலிந்தாலோ சூடு சட்டென்று மாறினாலோ உள்ளே பழசு பழசாகவே இருக்கிறது. காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வருகிறதா என்று பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

இரும்பும் தாமிரமும் நேரடியாகச் சேரும் இடத்தில் அரிப்பு வேகமாக நடக்கும். விஷயம் தெரிந்த பிளம்பர் நடுவில் பித்தளை இணைப்போ, மின்கடத்தாத யூனியனோ போட்டிருப்பார். அதைப் பார்க்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு வேண்டும். குளியல் தொட்டியின் குழாய்ப் பக்கச் சுவரில், பெரும்பாலும் அடுத்த அறையின் அலமாரிக்குள், திறக்கக்கூடிய பலகை இருக்கிறதா என்று தேடுங்கள். அதோடு வீட்டுக்கென்று தனி அடைப்பு வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அமைப்பில் அது இருக்காது. ஒரு குழாய் வாஷர் மாற்றவே அந்த வரிசையில் மேலும் கீழும் உள்ள எல்லா வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும். தனி வால்வும் திறக்கும் பலகையும் இருந்தால், சுவரை உண்மையாகவே திறந்து வேலை செய்தார்கள் என்று ஓரளவு நம்பலாம்.

குளியலறை வாசலில் இருக்கும் சலவைக்கல் படியையும் கவனியுங்கள். அந்தக் காலத் தரை, அறுகோணச் சில்லுகளின் அடியில் சில அங்குல கனத்துக்கு சிமென்ட் படுகை கொண்டது. அதை உடைத்து எடுப்பது கனமான வேலை. சோம்பல்பட்டவர்கள் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். அப்போது படி வழக்கத்தைவிட உயர்ந்திருக்கும், கதவின் அடியை அறுத்திருப்பார்கள். அப்படியானால் அடியில் உள்ள பழைய வடிகாலும், டாய்லெட்டின் கீழுள்ள ஈயக் குழாய் வளைவும் தொடப்படவில்லை என்று அர்த்தம். கசிவு முதலில் தெரிவது கீழ்வீட்டுக் கூரையில்தான்.

மின்சாரத்தில் ஏமாறுவது சுலபம். புத்தம்புதிய பிரேக்கர் பெட்டி இருக்கும், அதிலிருந்து போகும் ஒயர் 1920-களின் ரப்பர் உறையும் துணிச் சுற்றும் போட்டதாக இருக்கும். கூரை விளக்குகளின் சூட்டில் அந்த ரப்பர் காய்ந்து, தொட்டால் உதிரும். மூன்று துளை பிளக் பாயின்ட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். சின்ன டெஸ்டரைச் செருகிப் பார்ப்பது சரிதான், ஆனால் பாயின்ட்டின் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருந்தால் டெஸ்டரும் "சரி" என்றே காட்டும். எர்த் இல்லாததைவிட இது ஆபத்து. ஒரு பாயின்ட்டையாவது எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். கிரைண்டர், மைக்ரோவேவ், ஜன்னல் ஏசி மூன்றும் ஒரே சர்க்யூட்டில் வந்தால் கோடையில் தினமும் டிரிப் ஆகும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 240 வோல்ட்டில் 40 அல்லது 50 ஆம்பியர் தனி இணைப்பு வேண்டும். வீட்டுக்கு வரும் மொத்த மின்சாரம் அதைத் தாங்குமா என்று கேளுங்கள்.

சுவர்ப் பூச்சு மூன்று அடுக்கு பிளாஸ்டர். தட்டினால் கெட்டியாக ஒலிக்க வேண்டும். மயிரிழை விரிசல்களுக்கு அஞ்ச வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சரிந்து இறங்கும் விரிசலும் அதையொட்டிப் பழுப்புக் கறையும் இருந்தால், வெளிச்சுவர் வழியாக நீர் இறங்கி ஜன்னல் மேலுள்ள இரும்பு உத்தரம் துருப்பிடிக்கிறது. அது கட்டடம் செய்ய வேண்டிய வேலை, செலவு மெயின்டனன்ஸில் வரும். நியூயார்க் நகரம் வீடுகளில் ஈயப் பெயின்ட்டைத் தடை செய்தது 1960-இல். எனவே இந்த வீடுகளில் பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஜன்னல் சட்டம் உரசி உதிரும் தூள்தான் கவலைக்குரியது.

ஜன்னலை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்தப் பகுதியின் பெரும்பகுதி 1993-இல் வரலாற்றுச் சின்ன வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. வெளியே தெரியும் ஜன்னல், சுவரைத் துளைத்து வைக்கும் ஏசி எல்லாவற்றுக்கும் அதற்கான ஆணையத்தின் அனுமதி தேவை. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் கரியமில உமிழ்வு வரம்பும் உண்டு, 2030-இல் அது இறுகும். அதனால் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரை என்ன செய்யப் போகிறார்கள் என்று போர்டின் கூட்டக் குறிப்புகளில் தேடிப் படிக்க வக்கீலிடம் சொல்லுங்கள்.

அந்தப் பாய்லரிலிருந்து வருவது நீராவி. பல கட்டடங்களில் ஒற்றைக் குழாய் முறை. நீராவி ஏறுவதும் குளிர்ந்து நீராகித் திரும்புவதும் ஒரே வழியில். அதனால் அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டர், வால்வு பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். புதுத் தரை போட்டவர்கள் ரேடியேட்டரைத் தூக்கி மட்டமாக வைத்துவிடுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். திரும்ப முடியாமல் உள்ளே தேங்கும் நீரை அடுத்த நீராவி வந்து மோதும்போது, விடியற்காலையில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். வால்வைப் பாதி திறந்து வைத்தாலும் இதே தொல்லைதான். முழுக்கத் திற, இல்லையேல் முழுக்க மூடு. அக்டோபர் 1 முதல் மே 31 வரைதான் சூடு வரும் என்பதால் ஜூலையில் வீடு பார்ப்பவருக்கு இந்தச் சத்தம் கேட்காது. ஒரு சின்ன ரசமட்டத்தைக் கையில் கொண்டு போய் ஒவ்வொரு ரேடியேட்டரின் மேலும் வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் காற்று வெளியேற்றும் மூக்கின் கீழே தரையில் கருத்த வட்டக் கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அது நீரைத் துப்பியிருக்கிறது. சரிவைச் சரிசெய்ய கால்களுக்கு அடியில் கால் அங்குல மரத்துண்டு பல நேரம் போதும். ஆனால் கறை படிந்த ஓக் பலகையின் அடி இற்றுப்போயிருந்தால், கையெழுத்துப் போடும் முன் பேச வேண்டிய தொகை அது.