ராக்கெட் நாள் ரேட்

முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை இறக்கி வைக்காமல் ராக்கெட்டைப் பற்றி எழுதக் கை வராது.

சூலூர்ப்பேட்டை ஸ்டேஷன் வாசலிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில், பழவேற்காடு ஏரிக்கு நடுவில் எங்காவது இறக்கிவிட்டு, காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். இதற்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சென்னையிலிருந்து நானும் மச்சானும் புறநகர் ரயிலில் வந்ததற்கு இரண்டு டிக்கெட்டும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

“இன்னைக்கு ராக்கெட் நாள் சார். சும்மா நாள்னா அறுநூறு” என்றார் டிரைவர். அந்த ஊரில் பாதிப் பேர் பேசும் தெலுங்கு கலந்த தமிழ்.

“சும்மா நாள்ல நான் அங்க போய் என்னண்ணா பண்றது?”

“அதான் சார் நானும் சொல்றேன்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? ஆயிரத்து இருநூறுக்கு முடிந்தது. ராத்திரி தங்கிய லாட்ஜிலும் இதே கதைதான். விசேஷ ரேட் வாங்கிக்கொண்டு கொடுத்த அறையில் வெந்நீர் கிடையாது, கொசு தாராளம். “மாமா, ரெண்டு நிமிஷம் புகையைப் பார்க்க இவ்வளவு செலவா? போன்ல பார்த்தா ஓசி” என்று மச்சான் விடிகாலையிலேயே ஆரம்பித்துவிட்டான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் வருஷக்கணக்காக போனில் பார்த்துப் பழகியவன்தான். அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் பால்கன் 9 ராக்கெட் எப்போது கிளம்புகிறது, அதைத் தூக்கிவிட்டுத் திரும்பி வரும் அடிப்பாகமான பூஸ்டர் எந்த எண், அதற்கு இது எத்தனையாவது சவாரி, இறங்கப்போவது தரையிலா கப்பலிலா என்றெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பின்தொடர்கிற ஆள். 2015 டிசம்பரில் முதல்முறை ஒரு பூஸ்டர் கேப் கனாவரலில் நின்றபடி தரையிறங்கியதிலிருந்து பிடித்த பைத்தியம். அடுத்த ஏப்ரலில் கடலில் மிதக்கும் தளத்தில் இறங்கியது. 2017 மார்ச்சில் பழைய பூஸ்டரையே மறுபடி பறக்கவிட்டார்கள். இப்போது சில பூஸ்டர்கள் முப்பது தடவைக்கு மேல் போய்வந்துவிட்டன. ஆரம்ப காலத்தில் கப்பலில் இறங்கும் நொடியில் சரியாகப் படம் உறைந்துவிடும். மறுபடி வரும்போது பூஸ்டர் நிற்கிறதா, படுத்துவிட்டதா என்று பார்க்கும் அந்தப் பதற்றத்துக்காகவே ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்னைப் போல நிறைய பேர் உண்டு.

சரி, இந்தத் தடவை ஏன் நேரில்? 2025 டிசம்பர் 24 காலை 8.54க்கு இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்விஎம்3 கிளம்புகிறது என்று அறிவித்திருந்தார்கள். சுமை, அமெரிக்காவின் ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்தின் புளூபேர்டு பிளாக்-2 என்கிற செயற்கைக்கோள். எடை சுமார் 6,100 கிலோ. இந்திய மண்ணிலிருந்து அதுவரை போனதிலேயே கனமான செயற்கைக்கோள். சாதாரண கைபேசிக்கே நேராக சிக்னல் தருவதற்காக 223 சதுர மீட்டர் ஆண்டெனாவை மேலே போய் விரிக்கும்படி செய்தது. இதன் அண்ணன்மார் ஐந்து பேர் 2024 செப்டம்பரில் பால்கன் 9 ஏறிப் போனார்கள். அந்த பூஸ்டர் கிளம்பிய ஊருக்கே திரும்பி வந்து இறங்கியதைப் போனில் பார்த்தேன். தம்பி நம் வாசல் வழியாகப் போகும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் பொதுமக்களுக்குப் பார்வையாளர் அரங்கு இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்து, அடையாள அட்டையோடு போனால் கட்டணம் கிடையாது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் ஏரிச் சாலை.

அந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நேர்கோடு. சிறகை விரித்தால் மட்டும் இளஞ்சிவப்பு தெரியும் பூநாரைகள் முழங்கால் ஆழத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. ராக்கெட் இல்லாவிட்டாலும் மார்கழி, தை மாதங்களில் இதற்காகவே போகலாம். (ஆட்டோவும் அறுநூறுதான்!) ஓரமாக ஏற்கெனவே பைக்குகளும் கார்களும் வரிசை கட்டியிருந்தன. காரின் மேல் உட்கார்ந்திருந்த குழந்தைகள், முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு குடும்பம், பைனாகுலரோடு ஒரு ரிட்டையர்ட் வாத்தியார். சில பேரிடம் தெலுங்கு, சில பேரிடம் தமிழ், இரண்டும் தெரிந்தவர்களிடம் இரண்டும்.

போனில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பாதையில் குறுக்கே வரக்கூடிய விண்வெளிப் பொருள் ஒன்றுக்காக ஏவுதலைத் தொண்ணூறு விநாடி தள்ளிவைத்து, 8.55.30 என்றார்கள். எல்லோரும் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் இன்னும் இருபது விநாடிக்கு மேல் பாக்கி. திடீரென்று காரின் மேலிருந்த பையன் “அதோ!” என்று கத்தினான். நிமிர்ந்தால் கிழக்கே மரக்கோட்டுக்கு மேல் ஒரு வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கிறது. போனில் கவுண்ட்டவுன் முடியவே இல்லை! நேரலை அவ்வளவு பின்தங்கி வருகிறது. இனி ராக்கெட் பார்க்கப் போகிறவர்களுக்கு என் ஒரே புத்திமதி, போனைப் பையில் போடுங்கள்.

சத்தமே இல்லை. 640 டன் எடையுள்ள, பதினாலு மாடி உயரச் சாமான் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகிறது, இங்கே முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்கிறது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. நாற்பதைத் தாண்டியதும் வந்தது. இடி மாதிரி ஒரே முழக்கமாக இல்லை. ஏதோ கிழிபடுவது போலப் படபடவென்று அடுக்கடுக்காக வந்து நெஞ்சில் மோதியது. ஆட்டோவின் பின்பக்கத் தகரம் அதிர்ந்தது. அந்த எண்ணிக்கைப்படி ஏவுதளம் பதினாலு கிலோமீட்டர் சொச்சம். மச்சான் வாய் பிளந்து நின்றான். செலவுக் கணக்கு அப்போது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

இரண்டு நிமிடம் தாண்டியதும் வாத்தியார் பைனாகுலரை நீட்டினார். சரியாகத்தான் கொடுத்தார். பெரிய வெளிச்சத்திலிருந்து இரண்டு சின்னப் பொட்டுகள் கழன்று பின்தங்கின. பக்கவாட்டு எஸ்200 பூஸ்டர்கள், ஒவ்வொன்றிலும் இருநூறு டன்னுக்கு மேல் எரிபொருள் நிரப்பியது. அவ்வளவுதான், வேலை முடிந்தது. வங்காள விரிகுடாவில் விழுந்து மூழ்கிவிடும்.

எனக்கு அங்கேதான் சப்பென்று ஆகிவிட்டது. போனில் பழகிய கண்ணுக்கு, பூஸ்டர் பிரிந்தபின்தானே அசல் கதையே ஆரம்பம்? பால்கன் பூஸ்டர் திரும்பி, மூன்று என்ஜினைப் பற்றவைத்து வேகத்தைக் குறைத்து, கடைசியில் ஒற்றை என்ஜினில் இறங்கும். அந்த ஒரு என்ஜினை எவ்வளவு தணித்தாலும் அதன் உந்துவிசை காலி பூஸ்டரின் எடையைவிட அதிகம். அந்தரத்தில் நின்று நிதானிக்க வழியில்லை. தரையைத் தொடும் நொடியில் வேகம் பூஜ்ஜியமாக வேண்டும். முந்தினால் மறுபடி மேலே கிளம்பிவிடும், பிந்தினால் நொறுங்கும்.

எஸ்200 இந்த ஆட்டத்துக்கே வர முடியாது. அது திட எரிபொருள். ஒருமுறை பற்றிக்கொண்டால் அணைக்கவும் வழியில்லை, மறுபடி பற்றவைக்கவும் வழியில்லை. இஸ்ரோவுக்குத் தெரியாததா? 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்த அடுத்த தலைமுறை ராக்கெட்டில் முதல் கட்டமே திரும்பி வருவதாகத்தான் திட்டம். பூமிக்கு அருகே சுற்றும் தாழ்வட்டப் பாதைக்கு 30 டன் சுமக்கும். இறக்கை வைத்த புஷ்பக் என்கிற சோதனை விண்கலத்தை சித்ரதுர்கா பக்கம் ஹெலிகாப்டரிலிருந்து விட்டு, மூன்று முறை ஓடுபாதையில் இறக்கியும் காட்டிவிட்டார்கள். ஆனாலும் எனக்குப் பொறுமை இல்லை. இந்த ஏரிக்கு மேல் ஒரு பூஸ்டர் திரும்பி வந்தால் ஆயிரத்து ஐந்நூறே கொடுக்கிறேன், பேரம் பேசமாட்டேன்.

டிரைவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “ரெண்டும் கடல்லயா சார்? இரும்புக் கடைல போட்டா என்ன தேறும்?” என்றார். இதை விடச் சுருக்கமாக மறுபயன்பாட்டுப் பொருளாதாரத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் சாப்பாடு. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்றெல்லாம் வரிசையாக எழுத நினைத்திருந்தேன், ஆனால் அந்த மீன் குழம்பு முந்திக்கொள்கிறது. பஜார் பக்கம் ஒரு சின்ன மெஸ், நாலே மேஜை. முதலில் பப்பு (பருப்பு), நெய், கோங்குரா (புளிச்சக்கீரை). பிறகு நெல்லூர் சேப்பல புலுசு: மாங்காய்த் துண்டு போட்ட புளிக்குழம்பு, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கிறது. முதல் நாள் வைத்ததாம், அதனால்தான் மீனுக்குள் புளி அப்படி இறங்கியிருந்தது. மச்சான் மூன்று தடவை சோறு வாங்கினான். பரிமாறிய அம்மா, “ராக்கெட் பார்க்க வந்தீங்களா? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ நாயனா” என்று கேட்காமலே ஊற்றினார். மீனோடு சேர்த்து ஆளுக்கு நூற்று எண்பது. அந்த ஊரில் ராக்கெட் நாள் ரேட் போடாத ஒரே இடம்.

செலவைக் குறைக்க வழி: மாதவரத்திலிருந்து ஆந்திரா பக்கம் போகும் பேருந்துகள் ராத்திரியிலும் உண்டு, லாட்ஜை மறந்துவிட்டு விடியும் முன் வந்து இறங்குங்கள். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம் பைக் வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது. மச்சானுக்குத் தடாவில் ஒரு பெரியப்பா இருக்கிறாராம். அதைத் திரும்பி வரும்போது ரயிலில் சொல்கிறான்!