விரால் தவளைக்கு 5.4 ஏன் ஆகாது? ரீல் கியர் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர் ஏரிக்கோ கே.ஆர்.பி. அணைக்கோ விரால் பிடிக்க ரீல் தேடுகிறவர்கள் கையில் ஒரே கியர் பட்டியல்தான் சுற்றுகிறது: கிராங்க்பெயிட்டுக்கு (முங்கி ஓடும் மீன் வடிவப் போலி இரை) 5, ஸ்பின்னர்பெயிட்டுக்கு (சுழலும் தகடு உள்ளது) 6, ரப்பர் தவளைக்கு 7 அல்லது 8. அமெரிக்காவில் பாஸ் மீனுக்காகப் போட்ட கணக்கு இது. நம்ம ஏரிகளில் அந்த மீன் கிடையாது. ஆனாலும் பட்டியல் இங்கே பெரும்பாலும் ஒத்துப்போகிறது. சுற்றும் வேகத்தை முடிவு செய்வது மீனைவிட லூர், அதாவது போலி இரைதான். சிக்கல் வேறு இடத்தில். அந்த எண்கள் பெயிட்காஸ்டருக்கானவை, அதாவது ஸ்பூல் (நரம்பு ஏறும் உருளை) தானே சுழலும் ரீலுக்கு. நம் பக்கம் நிறையப் பேர் வைத்திருப்பதோ ஸ்பின்னிங் ரீல்; அதில் ஸ்பூல் சுழலாது, ரோட்டார்தான் சுற்றி வந்து நரம்பை ஏற்றும்.

5.4:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் (ஸ்பின்னிங்கில் ரோட்டார்) 5.4 சுற்று சுற்றும், அவ்வளவுதான். நரம்பு எவ்வளவு உள்ளே வரும் என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு ஸ்பூலின் விட்டமும் வேண்டும். நரம்போடு சேர்த்து 32 மி.மீ. விட்டமுள்ள பெயிட்காஸ்டர் ஸ்பூலில் ஒரு சுற்றுக்கு 10 செ.மீ. நரம்பு ஏறும். 5.4 கியரில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 54 செ.மீ., 6.3-இல் 63, 7.3-இல் 73, 8.1-இல் 81. இப்போது 47 மி.மீ. ஸ்பூல் உள்ள ஸ்பின்னிங் ரீலை எடுங்கள். பெட்டியில் 5.2 என்றுதான் போட்டிருக்கும். இழுப்பதோ ஒரு சுற்றுக்கு 77 செ.மீ.! பெயிட்காஸ்டர் 7.3-ஐவிட அதிகம். "5.2 மெதுவான ரீல், தவளைக்கு ஆகாது" என்று அதை ஒதுக்குவது தப்புக்கணக்கு.

பெட்டியில் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்று போட்டிருந்தால் 2.54-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். போடவில்லையென்றால் வீட்டிலேயே அளக்கலாம். நரம்பு முனையில் ஒரு நட்டைக் கட்டி, தரையில் நீளமாக இழுத்து வைத்து, நட்டு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ராடை அசைக்காமல் கைப்பிடியைச் சரியாக 10 சுற்று சுற்றி, நட்டு நகர்ந்த தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால் முடிந்தது.

தவளைக்கு வருவோம், இங்கே பாதிக்கு மேல் வேலை அதுதான். ஆகாயத்தாமரை இடுக்கில் தவளையை நகர்த்துவது ராடின் நுனி. சுண்டிச் சுண்டி அரை சாண் அரை சாணாக நகரும். ரீலின் வேலை தொய்வை வாரிக்கொள்வது மட்டும். விரால் அடித்தவுடன் கரையைப் பார்த்து ஓடிவந்தால் 3 மீட்டர் தொய்வு விழும். 54 செ.மீ. ரீலுக்கு அதை வார ஐந்தரைச் சுற்று வேண்டும், 81 செ.மீ. ரீலுக்கு நாலு சுற்றுகூட வேண்டாம். தொய்ந்த நரம்போடு ராடைத் தூக்கினால் முள் மேல்தாடையில் ஏறாது. விரால் தவளையைத் துப்பிவிட்டுப் போய்விடும். பலரும் இதை முள் மொக்கை என்று நினைத்து அரம் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஸ்பூலும் கைப்பிடியும் ஒரே அளவு என்றால், அதே பாரத்தை இழுக்க 8.1 கியருக்கு 5.4-ஐப் போல ஒன்றரை மடங்கு கை பலம் தேவை. விராலோடு ஒரு கூடை பாசியும் சேர்ந்து வரும்போது கைப்பிடி நின்றுபோகும். அப்போது கிணற்று ராட்டினம் மாதிரி மல்லுக்கட்டிச் சுற்றினால் கியர் பல்தான் தேயும். ராடைத் தூக்கி மீனை இழுங்கள். ராடைத் தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். 80 மி.மீ. கைப்பிடியைக் கழற்றி 95 மி.மீ. போட்டால் பலம் 16 சதவீதம் மிச்சமாகும். நரம்பு 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விடும் பிரேக்) நன்றாக இறுக்கம்.

கிராங்க்பெயிட் இதற்கு நேர் எதிர். பெரிய நாக்குள்ள, ஆழம் போகிற லூர் தண்ணீரை முட்டிக்கொண்டு வரும். அணையின் பாறைச் சரிவில் அதை வினாடிக்கு அரை மீட்டர் போல இழுக்க, 5.4-இல் வினாடிக்கு ஒரு சுற்று போதும், கை தானாகவே அந்தத் தாளத்தில் நிற்கும். 8.1-இல் மூன்று வினாடிக்கு இரண்டு சுற்று என்று நிதானமாகச் சுற்ற வேண்டும். சொல்ல எளிது; ஒரு மீன் தட்டிவிட்டால் எந்தக் கையும் நிதானத்தில் நிற்காது. வேகம் கூடினால் லூர் பக்கவாட்டில் சாய்ந்து மேலே ஏறிவிடும், அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். மூமுள் (மூன்று கொக்கி) உள்ள லூருக்கு டிராக்கைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் வாய் கிழியும்.

ஸ்பின்னர்பெயிட், வால் ஆட்டும் ரப்பர் மீன் இரண்டுக்கும் 60–70 செ.மீ. போதும். பஸ்பெயிட் (தண்ணீர் மேல் சலசலக்கும் லூர்) விழுந்த நொடியிலிருந்து மேலேயே ஓட வேண்டும், அதற்கு 73-க்குக் குறையக் கூடாது. தண்ணீர் மேல் ‘பொளக்’ என்று சத்தமிடும் பாப்பரும் தவளைக் கணக்குதான்.

ஸ்பூலில் நரம்பு குறைந்தால் கியரும் குறைந்த மாதிரிதான். 32 மி.மீ. இருந்தது 26 ஆகிவிட்டால் 7.3 ரீல் 73-க்குப் பதில் 60 செ.மீ. மட்டுமே இழுக்கும். விலை கூடிய பிரெய்டை முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. அடியில் பழைய தங்கூஸ் நரம்பைச் சுற்றி, மேலே 80 மீட்டர் பிரெய்டு போட்டு, விளிம்புக்கு 2 மி.மீ. குறைவாக நிறுத்துங்கள். பிரெய்டு ஸ்பூலில் வழுக்குவதும் இதனால் நிற்கும்.

ரீல் எதுவானாலும் அணையிலும் ஏரியிலும் குத்தகைக்காரர் அல்லது மீன்வளத்துறை அனுமதி கேட்டுவிட்டு வீசுங்கள். ஒகேனக்கல் பக்கம் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது, அங்கே வனத்துறையையும் கேட்க வேண்டும். முதலையும் உண்டு.

ஒரே ரீல்தான் வாங்க முடியும் என்றால் 7.1 முதல் 7.3 வரையுள்ள பெயிட்காஸ்டர், அல்லது 75 செ.மீ.க்கு மேல் இழுக்கும் ஸ்பின்னிங். இரண்டாவது ரீல் வாங்கும் நாளில் 5.4 பக்கம் போகலாம். ஷிமானோவில் பி.ஜி. என்றால் மெதுவான கியர், எச்.ஜி. வேகம், எக்ஸ்.ஜி. அதிவேகம். பணம் கொடுப்பதற்கு முன் கைப்பிடி எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஸ்பின்னிங் ரீலில் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம், பெயிட்காஸ்டரில் முடியாது.