காணாத காட்டின் கண்ட இலைகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் சுவர் ஓவியம் வரைந்து பிழைக்கும் எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இயற்கைக் காட்சிதான். சாமி படம் கேட்பவர்களுக்கு எந்தச் சாமி, எந்தக் கோலம் என்பது தெளிவாகத் தெரியும். விளம்பரம் எழுதச் சொல்பவர்கள் எழுத்தின் உயரம் வரை சொல்லிவிடுவார்கள். இயற்கைக் காட்சி கேட்பவர்கள் மட்டும் "சொர்க்கம் மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நேரே விலை பேசத் தொடங்குவார்கள். அந்தச் சொர்க்கத்தில் என்ன மரம் நிற்கும், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்பதெல்லாம் எங்கள் பாடு. ஃபிளெக்ஸ் வந்து எழுத்து வேலையை அடித்துக்கொண்டு போன பிறகு எங்களில் பலர் இந்தச் சொர்க்கங்களை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறோம் என்பதால், இதை எள்ளலாகச் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வேலை வந்தபோதுதான், முதன்முறையாக ஒருவர் தமக்கு வேண்டிய சொர்க்கத்தைக் கையோடு கொண்டுவந்தார். அங்குள்ள மருத்துவர் நீட்டிய அச்சுப்படம் ஹென்றி ரூசோ 1910-இல் வரைந்த 'கனவு'. மூலப் படம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுநிலா, ஆளைவிடப் பெரிய இலைகள், தாமரை போன்ற பூக்கள், இலைகளுக்கு நடுவிலிருந்து விழிக்கும் இரண்டு சிங்கங்கள், குழல் ஊதும் ஓர் ஆள், இவற்றுக்கெல்லாம் நடுவே ஒரு சோபாவில் உடையின்றிச் சாய்ந்திருக்கும் ஒரு பெண். "அந்த அம்மாவும் சோபாவும் வேண்டாம், காடு மட்டும் போதும்" என்றார் மருத்துவர்.

வேலை தொடங்கும் முன் அந்த ஓவியரைப் பற்றித் தேடிப் படித்தேன். ரூசோ 1844-இல் பிரான்சின் லவால் என்னும் ஊரில் பிறந்தவர். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் அலுவலகத்தில் 1871 முதல் 1893 வரை சாதாரண ஊழியராக இருந்தார். 'சுங்கக்காரர்' என்ற பட்டப்பெயரே கடைசிவரை நிலைத்தது. எந்த ஆசிரியரிடமும் முறையாகப் பயிலாமல், வேலை நேரம் போக மீதி நேரத்தில் வரைந்தவர். தேர்வுக்குழு இல்லாத கண்காட்சி ஒன்று பாரிஸில் நடந்துவந்ததால், 1886 முதல் அவரால் அங்கே படங்களைத் தொங்கவிட முடிந்தது. வந்தவர்களில் பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். புயல் மழையில் பல்லைக் காட்டிக்கொண்டு பதுங்கும் புலியை அவர் வரைந்தது 1891-இல். இன்று அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே தூரிகை பிடித்தவர் என்பதாலோ என்னவோ, எனக்கு அவர் மேல் உடனே ஒரு பற்று வந்துவிட்டது.

வெப்பமண்டலக் காடுகளை இத்தனை படங்களில் வரைந்த அவர் பிரான்சை விட்டு வெளியே போனதே இல்லை. படையோடு மெக்சிகோ சென்று அந்தக் காடுகளைப் பார்த்தவர் என்று ஒரு கதை உலவியது; அவரும் அதை மறுக்கவில்லை. உண்மையில் அவர் சென்றது பாரிஸிலேயே உள்ள தாவரவியல் பூங்காவுக்கு. அங்கே வெளிநாட்டுச் செடிகளைக் குளிரிலிருந்து காக்கக் கட்டிய கண்ணாடி வீடுகளில் மணிக்கணக்கில் நிற்பாராம். அவற்றுக்குள் நுழைந்தால் ஒரு கனவுக்குள் நுழைவது போலிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். 1905-இல் அவர் காட்சிக்கு வைத்த, மானைக் கடித்துக் குதறும் சிங்கம்கூடக் காட்டில் கண்டதன்று. அதே பூங்காவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பஞ்சு அடைத்து நிறுத்தியிருந்த உருவங்களிலிருந்து எடுத்தது.

இதைப் படித்த பிறகு அச்சுப்படத்தை மறுபடி பார்த்தபோது அதில் காடே தெரியவில்லை. தொட்டிச் செடிகள்தான் தெரிந்தன. ஒவ்வோர் இலையும் கத்தரித்து ஒட்டியது போல விளிம்பு தெளிந்து நிற்கிறது, நரம்பு நேராக ஓடுகிறது, எந்த இலையும் மற்றோர் இலையின் நிழலில் மங்கிப்போவதில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றுப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உண்மையான காடு அப்படி இருக்காது. அங்கே பாதி இருட்டு, பாதி சருகு. பூச்சி அரிக்காத இலை அபூர்வம். ஆனால் ரூசோவின் படத்தில் ஓர் இலையையாவது பொய் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அவர் பொய் சொன்னது அளவில். இடுப்புயரச் செடியை மரமாக வளர்த்து, ஒன்றோடொன்று சேராத நாட்டுத் தாவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சந்து விடாமல் அடைத்துவிட்டார். கற்பனை என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும் தென்னைமரத்தைவிட அந்தச் செடிகள் நூறு மடங்கு பார்த்து வரையப்பட்டவை.

அவர் தவறியதும் பார்க்காத இடத்தில்தான். அச்சுப்படத்தோடு மருத்துவர் தந்த புத்தகத்திலேயே எருமையைப் புலி தாக்கும் 1908-ஆம் ஆண்டுப் படம் ஒன்று இருந்தது. மூலம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளது. என்னோடு சாரத்தில் நிற்கும் பையன் அதைக் கண்டவுடன், "அண்ணே, இந்தக் குலையப் பாத்தியளா? காய் எல்லாம் கீழ பாத்துல்லா நிக்கி!" என்றான். ஏத்தன், மட்டி, செந்துளுவன் என வாழைகள் வாசலிலேயே குலைதள்ளி நிற்கும் மாவட்டத்தில் வளர்ந்தவன். குலை கீழ்நோக்கித் தொங்கினாலும் காய்கள் மேல்நோக்கி வளைவதைத் தினமும் பார்ப்பவன். கலை விமர்சகர்கள் எத்தனை பக்கம் எழுதினாலும் அவன் அளவுக்கு அந்தப் படத்தை நெருங்கிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

அதனால் நாங்கள் ரூசோவின் இலைகளை எடுக்கவில்லை. அவர் வழியை எடுத்தோம். மருத்துவமனையின் பின்புற ஓடையோரத்தில் ஆடிச் சாரலில் நனைந்து நின்ற சேம்பை வேரோடு பிடுங்கி ஒரு வாளியில் வைத்துக்கொண்டோம். சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாது. துளி உருண்டு நரம்புகள் கூடும் குழியில் வந்து நிற்கும், அந்தத் துளிக்குக் கீழே மட்டும் பச்சை ஒரு நொடி வெள்ளியாகத் தெரியும். அதைச் சுவரில் ஆறடி உயரத்துக்கு இழுத்தபோது, இத்தனை ஆண்டுகளில் ஒரு சேம்பிலையின் அடிப்பக்கத்தை நான் திருப்பிப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. அடியில் நரம்பு புடைத்து, வெளிறிய சாம்பல் கலந்த பச்சையாக இருக்கிறது.

நிறத்தில்தான் அதிக நேரம் போனது. கடையில் கிடைக்கும் பச்சையை அப்படியே அடித்தால், வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் அது பிளாஸ்டிக் பாய் போலக் கூசும். மஞ்சள் ஆக்சைடில் சிறிது கறுப்பு சேர்த்தால் வரும் முதிர்ந்த பச்சையை முதலில் சுவர் முழுவதும் படரவிட்டு, அதன் மேல் இருண்ட இலைகள், பிறகு நடுத்தரம், கடைசியாகக் கையருகில் இருக்கும் வெளிர் இலைகள் என்று அடுக்கினோம். ஒரு கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். படுத்திருக்கும் குழந்தைக்குச் சுவரின் மேற்பாதிதான் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்ததால், இருவாச்சியையும் கருங்குரங்கையும் மேலே ஏற்றினோம். பெஞ்சு உரசும் உயரம்வரை கழுவக்கூடிய பெயின்ட். மணம் குறைந்தது வேண்டும் என்பதால் எனாமல் கிடையாது. சிங்கத்துக்கு மருத்துவர் அனுமதி கொடுக்கவில்லை. வாழைக்குலையில் காய்கள் மேல்நோக்கியே நிற்கின்றன.

பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தில், அண்ணாந்து பார்த்தால், மரத்தில் செதுக்கிய 90 வகைப் பூக்கள் இருப்பதாக வழிகாட்டிகள் சொல்வார்கள். தாமரையை அடையாளம் காணலாம். மற்றவற்றில் பலவற்றைத் தோவாளைச் சந்தையில் தேடினாலும் கிடைக்காது. செதுக்கியவர்களும் எதையோ பார்த்துத்தான் அந்த இதழ்களை மடித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அண்மையில் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட முதலாளியின் வீட்டு முன்னறைக்கு வேலை வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது, கிழக்கே மலை நிற்கிறது; அவர் கேட்டதோ பனிமலையும் மரவீடும் சிவந்த இலைகள் உதிரும் வெளிநாட்டுக் காடும். முன்பென்றால் மனதுக்குள் சிரித்திருப்பேன். பாரிஸில் இருந்தவருக்குக் காடு தேவைப்பட்டது என்றால், காட்டோரத்தில் இருப்பவருக்குப் பனி தேவைப்படுவதில் என்ன குறை என்று ஒப்புக்கொண்டேன். பனியை வேறு வழியின்றி ஒரு காலண்டரைப் பார்த்து வரைந்தேன், அது காலண்டர்ப் பனியாகவே இருக்கிறது. சிவந்த இலைக்கு மட்டும் காலண்டரைத் தொடவில்லை. அது தை மாதம். அவருடைய தோட்டத்து ரப்பர் மரங்களே இலை பழுத்து, மஞ்சளும் செம்பும் தவிட்டு நிறமுமாக உதிர்த்துக்கொண்டிருந்தன. ஒரு கை நிறைய அள்ளி வந்து ஏணிப்படியில் பரப்பி வைத்து வரைந்தேன்.

முதலாளிக்கு நிறைவு. வந்த உறவினர்களிடம் வெளிநாட்டு மரம் நன்றாக அமைந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு முடிக்க வந்த பால்வெட்டுத் தொழிலாளி வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு மூணா எலை நிக்கே, இது நம்ம ரப்பருல்லா மொதலாளி" என்றார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்கு அருகில் போய் வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தரவேண்டிய பாக்கியில் எதையும் குறைக்கவில்லை.