நாராவில் ஒரு நீலக் கயிறு

கியோத்தோவிலிருந்து ரயிலேறினால் முக்கால் மணி நேரத்தில் நாரா. மான்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நேராகத் தோதாய்ஜி கோயிலுக்கு வந்துவிடுகிறேன்.

உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு வெண்கலப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்தேன். 752-ல் இவருக்குக் கண் திறந்தது போதிசேனர் என்ற துறவி. தென்னிந்தியாவில் பிறந்து, சீனா போய், அங்கிருந்து 736-ல் ஜப்பான் வந்தவர். அரியணை துறந்து உடலும் நலிந்திருந்த பேரரசர் ஷோமுவுக்குப் பதிலாக இவர்தான் தூரிகையைப் பிடித்துப் புத்தரின் கருவிழிகளை வரைந்தார். நம் ஊர்க் கோயில்களில் சிற்பி சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தத் தூரிகையில் நீளமான நீலப் பட்டுக் கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று.

சிலை செய்யும் பணியை நடத்திய கிமிமாரோவின் தாத்தா, கொரியாவின் பெக்ஜே அரசு வீழ்ந்தபோது அடைக்கலம் தேடி வந்தவர். பூசத் தங்கம் போதாமல் தவித்த நேரத்தில், 749-ல் வடக்கே முத்சு பகுதியில் கிடைத்த தங்கத்தை அனுப்பிவைத்த ஆளுநரும் பெக்ஜே அரச வம்சத்தவர்தான். போதிசேனரோடு கப்பலில் வந்த புத்தெத்சு, இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டுக்காரர். அந்நாட்டு இசையையும் ஆட்டத்தையும் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். இதையெல்லாம் 'அந்நியத் தாக்கம்' என்று இரண்டு சொல்லில் முடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தாய்நாட்டை விட்டு வந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே செத்துப்போன மனிதர்கள் இவர்கள். போதிசேனரும் ஊர் திரும்பவில்லை, 760-ல் இங்கேயே காலமானார்.

இப்போது நாம் பார்க்கும் மண்டபம் 1709-ல் கட்டி முடித்தது, பழையது இரண்டு முறை போரில் எரிந்துவிட்டது.

அப்புறம் பின்பக்கமாக நடந்து ஷோசோயின் போனேன். தூண்கள் மேல் தூக்கி நிறுத்திய மரக் கருவூலம், வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். பாரசீகக் கண்ணாடிக் கிண்ணமும், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து வீணை போன்ற பீவாவை வாசிக்கும் ஆளைச் சிப்பியில் இழைத்த ஐந்து நரம்புப் பீவாவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இதற்குள்தான் இருந்தன. அந்தத் தூரிகையும் கயிறும்கூட இந்தக் கருவூலச் சொத்துதான். 1180 தீக்குப் பிறகு புத்தரைச் செப்பனிட்டு 1185-ல் மறுபடி கண் திறந்தபோது, போதிசேனர் பிடித்த அதே தூரிகையை வெளியே எடுத்திருக்கிறார்கள்.