பழைய பிளேடு தருகிறவர்கள்

ஒரு பல்கலைக்கழகத்தின் காற்றியக்கவியல் குழுவில் கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேர்ந்த புதிதில், கூட்டாளியான ஹெலிகாப்டர் நிறுவனத்திடமிருந்து ரோட்டர் பிளேடின், அதாவது தலைக்குமேல் சுழலும் இறக்கையின், வடிவத் தரவு வரும் என்று காத்திருந்தேன். எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் வந்த கோப்பைத் திறந்தால், நான் பிறப்பதற்கு முன்பே வரையப்பட்ட பிளேடு! நேற்று மீந்த காய்கறியைப் பையில் தள்ளிவிட்ட கடைக்காரர்மீது வருமே, அந்தக் கோபம் வந்தது.

என் மேற்பார்வையாளர் சிரித்தார். "புதிய பிளேடைத் தந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் போட்டி நிறுவனமும் அதைப் பார்க்குமே?"

கூட்டு ஆய்வின் விசித்திரம் அது. சந்தையில் முட்டிக்கொள்கிறவர்கள் பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் ஒரே அறையில் காபி குடிப்பார்கள், பேசுவார்கள், தங்கள் பெட்டியை மட்டும் திறக்க மாட்டார்கள். எங்களுக்கு முன்பு நடந்த 'கோஅஹெட்' திட்டத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 2005இல் தொடங்கியது. ஒரு பக்கம் யூரோகாப்டர், மறுபக்கம் அகஸ்டா, வெஸ்ட்லேண்ட். நெதர்லாந்தின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் (மாதிரியின்மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூடம் அது) 2008இல் அவர்கள் சோதித்த மாதிரி ஹெலிகாப்டருக்கு உடல் என்.எச்.90 என்ற ஹெலிகாப்டரின் சாயல், தலையில் சுழன்றது 7ஏ.டி. என்ற ஆய்வு ரோட்டர். வாலில் இருந்தது பி.ஓ.105 என்ற இன்னொரு ஹெலிகாப்டரின் ரோட்டர். கோயில் தூணில் நிற்கும் யாளிதான். சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கொண்ட அந்தப் பிராணியை எந்தக் காட்டிலும் பார்க்க முடியாது; இதையும் எந்த விமானத் தளத்திலும் பார்க்க முடியாது. ஆகவே யாருடைய ரகசியமும் வெளியே போகாது.

இதைக் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்த நான், அந்த யாளியை எதற்காகச் செய்தார்கள் என்று பிறகுதான் படித்தேன். ரோட்டரின் நடுத்தலையையும் எஞ்சின் மூடியையும் கடந்து கலங்கி வரும் காற்று, வாலில் போய் மோதும். வால் நடுங்கும். தனித்தனி உறுப்புகளுக்குக் கணக்குப் போட்டால் இது தெரியாது. முழு ஹெலிகாப்டரையும் கட்டிப் பறக்கவிட்ட பிறகு விமானியின் இருக்கையில் தெரியும். அந்த நேரத்தில் வாலைத் திருத்துவது, கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டுவது போன்ற செலவு. முழு இயந்திரத்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கணினி சரியாகச் சொல்கிறதா என்பதை அறிய, அளவீடுகள் கைக்கு வருமுன்பே பங்காளிகள் கணக்குப் போட்டு வைத்தார்கள். விடைத்தாளைப் பார்க்காமல் எழுதிய தேர்வு. பிளேடு பழையதாக இருந்தால் என்ன, கேள்வி புதியது. அந்தக் கேள்வி தயாரிப்பாளரிடமிருந்துதான் வர முடியும். பறந்து பார்த்து அடிபட்டவர் அவர்தானே. (எட்டு மாதத் தாமதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

2008இல் 'கிளீன் ஸ்கை' என்ற ஐரோப்பிய விமான ஆய்வுத் திட்டம் வந்தபோது ஏற்பாடு மாறியது. 160 கோடி யூரோ. பாதி ஐரோப்பிய ஒன்றியம், பாதி தொழில்துறை. இங்கே தயாரிப்பாளர்களே ஆய்வுத் தலைப்பை எழுதி அறிவிப்பார்கள், நாங்கள் விண்ணப்பிப்போம். பணம் பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும், கேள்வி கேட்பவர் நிறுவனத்திலிருந்து வருவார்.

எங்களுக்குக் கிடைத்தது ரோட்டர் தலைக்கு ஓர் உறை. பிளேடுகள் வந்து சேரும் அந்த நடுப்பகுதி, கம்பியும் கீலும் துருத்தி நிற்கும் ஓர் இரும்புப் புதர். பார்க்கச் சிறியது, ஆனால் வேகமாகப் பறக்கும்போது மொத்தக் காற்றுத் தடையில் கால் பங்கு அளவுக்கு அதுவே பிடித்துக்கொள்ளும். அதை வழவழப்பாக மூடினால் எரிபொருள் மிச்சம். இரண்டு வருடம் வடிவம் மாற்றி வடிவம் மாற்றிப் பார்த்தோம். முட்டை ஓடு போன்ற ஒன்று கிடைத்தது. வண்ணப் படங்களோடு கூட்டத்துக்குப் போனேன்.

நிறுவனத்தின் சார்பில் வந்தவர் முப்பது வருடம் ஹெலிகாப்டரோடு வாழ்ந்தவர். படங்களை அமைதியாகப் பார்த்தார். "காலையில் பறப்பதற்கு முன் மெக்கானிக் ஏணியில் ஏறி ஒவ்வொரு கீலையும் பார்ப்பார், தொடுவார். உங்கள் உறையில் அவர் கை எங்கே நுழையும்?" என்றார்.

எங்கேயும் நுழையாது. வாசல் வெட்டினோம். விளிம்புகளில் காற்று கிழிந்தது. சேமித்ததில் ஒரு பகுதி அங்கேயே போயிற்று. ஆய்விதழில் வந்த கட்டுரையில் இருப்பது முட்டை ஓடு. நிறுவனத்துக்குப் போன அறிக்கையில் இருப்பது வாசல் வைத்தது. எது நல்ல ஆய்வு என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். என் பதவி உயர்வுக்கு உதவியது முதலாவது.

'கிளீன் ஸ்கை'யின் அடுத்த கட்டத்தில் யாளிக்கு இடமில்லை. யூரோகாப்டர் என்ற பெயர் 2014இல் ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸ் ஆனது. அது தலைமை தாங்கிய 'ரேஸர்' என்ற அதிவேக ஹெலிகாப்டர் உண்மையிலேயே பறக்க வேண்டிய இயந்திரம். 13 நாடுகளிலிருந்து 40 பங்காளிகள். உடலுக்கு ருமேனியா, பக்கவாட்டு கியர்பெட்டிகளுக்கு இத்தாலியின் ஆவியோ ஏரோ நிறுவனம். இத்தகைய வேலையில், அறிக்கை எழுதிக் கணக்கை முடித்துப் பழகிய கைகள் ஒவ்வொரு திருகுக்கும் சான்றிதழ் எழுத வேண்டும். ஏதாவது கழன்று விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தயாரிப்பாளர். அதனால் அவருடைய கெடுபிடி ஆய்வுக்கூடம் வரைக்கும் வரும்.

அந்தத் திட்டத்தில் எனக்கு வேலை எதுவுமில்லை. ரோட்டர் தலைக்கு உறை வடிவமைக்கும் பணி மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. 2024 ஏப்ரல் 25 அன்று பிரான்சின் மாரிஞானில் ரேஸர் முதன்முதலாக எழும்பியது. இரண்டே மாதத்துக்குள் மணிக்கு 420 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. காணொளியில் எல்லோரும் பெட்டி வடிவ இறக்கையையும் பக்கவாட்டுச் சுழலிகளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் ரோட்டர் தலை தெரியும் இடமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஒரு கை நுழையுமா என்று. படம் அவ்வளவு தெளிவாக இல்லை.