வயிறு வெள்ளையான சோலைபாடி

போர்ட் பிளேரில் வேலை பார்க்கும் தங்கை வீட்டு மாப்பிள்ளை, "மச்சான், இது என்ன குருவி?" என்று கேட்டு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். பொள்ளாச்சி வீட்டுத் திண்ணையில் கண்ணை மூடிக் கேட்டேன். ஆனைமலையின் டாப்சிலிப் மூங்கில் காட்டில் கேட்கும் நம் சோலைபாடி என்றே நினைத்தேன். அப்படியொரு குழைவு!

பிறகு படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனைமலைச் சோலைபாடி ஆணுக்கு மினுங்கும் கருப்பு மார்பு, அதன் கீழே செங்காவி வயிறு. இதற்கோ கருப்பு முடிந்த இடத்தில் வெள்ளை. செங்காவி விலா ஓரத்திலும் வாலடியிலும் மட்டுமே.

அந்தமான் சோலைபாடி! 1858இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் அறிவியல் முறைப்படி விவரித்த பறவை. நெடுங்காலம் நம் சோலைபாடியின் கிளையினமாக எண்ணப்பட்டது, இப்போது தனி இனம். அந்தத் தீவுக் காடுகளைவிட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நாளை விடியலில் இன்னும் நீளமாகப் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.