தள்ளுபடி யார் கணக்கில் ஏறுகிறது?

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே உறைத்துவிடும்: எந்தக் கடனும் தானாக மறையாது. வராக்கடன் என்று எழுதித் தள்ளினால் வாடிக்கையாளரின் பேரேட்டில் பாக்கி பூஜ்யமாகிவிடும், சரி. ஆனால் அதே தொகை நிறுவனத்தின் லாப நஷ்டக் கணக்கில் செலவாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். இந்த இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் முதன்முதலாக அச்சில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. துறவிக்கும் பேரேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பு சிரித்திருக்கிறேன்.

இயேசு என் பாவங்களை மன்னித்தார் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்ந்தவன் நான். அந்த மன்னிப்புக்குச் செலவுப் பக்கம் ஒன்று உண்டு என்பது பிரசங்கத்தில் புரிந்ததைவிட அலுவலகத்தில்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் அனுப்பிவிட்டான். மின்னஞ்சலில் வந்த நகலுக்கு ஒருமுறை, தபாலில் வந்த அசலுக்கு ஒருமுறை. இரண்டாவது பதிவில் பில் எண்ணின் முன்னால் இருந்த பூஜ்யம் விட்டுப்போனதால் மென்பொருளும் எச்சரிக்கவில்லை. விஷயம் தெரியவந்தபோது அந்த சப்ளையர் தொழிலையே மூடிவிட்டிருந்தார். ஆய்வுக் கூட்டத்தில் "யார் போட்ட என்ட்ரி இது?" என்று கேட்டார்கள். எங்கள் மேலாளர் பையனின் பெயரை எடுக்கவே இல்லை. "ஒப்புதல் என்னுடையது. என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த ஆண்டு அவருக்கு ஊக்கத்தொகை கிடைக்கவில்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பிலேமோன் நிருபம், பைபிளில் பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய கடிதம். மொத்தமே 25 வசனங்கள். எஜமான் பிலேமோனைவிட்டுப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்று பவுல் எழுதுகிறார். அதோடு விடவில்லை, இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே தீர்ப்பேன் என்கிறார். எழுதுகிறவரோ காவலில் இருக்கிறார்! கையெழுத்தில்லாத வவுச்சரை நாங்களும் ஏற்பதில்லை என்பதால், அந்த வசனம் எனக்குத் தனியாகப் பிடிக்கும்.

அப்புறம் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பையனால் அதைச் சும்மா வாங்கிக்கொள்ள முடியவில்லை. "சார், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்" என்று மேலாளரின் மேசைக்குப் போய் நின்றான். "வேண்டாம் தம்பி, அது முடிஞ்சுபோச்சு. பில் எண்ணை ஒழுங்கா பார்க்கக் கத்துக்கோ, போதும்" என்றார் அவர். பணம் அனுப்புவதில் பையனுக்கு இருந்த வரம்பையும் அவரே குறைத்தார். மன்னித்தது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. (இரண்டாவது சரிபார்ப்பு வேலை என் தலையில் விழுந்தது, அது தனிக் கதை.)

அதன் பிறகும் பையன் இரவு வெகுநேரம் உட்கார்ந்து, கேட்காத வேலையெல்லாம் செய்தான். பார்க்கவே சங்கடமாக இருக்கும். கூடுதல் ஜெபம், கூடுதல் காணிக்கை என்று நாமும் ஆண்டவரிடம் தவணை கட்டப் பார்ப்பதை அவனிடம் கண்டேன். வரி வசூலிப்பவனான சகேயுவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுக்கிறேன் என்றான்தான். ஆனால் லூக்கா 19-இல் வரிசையைக் கவனிக்க வேண்டும்: இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறார், அவன் பணத்தைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு. உள்ளே வர யாரும் அவனிடம் முன்பணம் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்துப் பையன் நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தான். வேலையும் அப்போதுதான் தேறியது.

எங்கள் தொழிலில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகைகளை அதில் போட்டு வைப்போம். எனக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வைத் தட்டிப் பறித்த ஒருவரை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவரிடம் கேட்கவும் இல்லை, விடவும் இல்லை. எழுதித் தள்ளினால் அந்த இழப்பு என் பக்கத்தில் ஏறும். அந்தப் பதிவை இன்னும் போடவில்லை. மேலாளரிடம் இதைச் சொன்னபோது, "ஆண்டு முடிவுக்குள்ள போட்டுடுங்க" என்று சிரித்தார்.